முழங்கைப் பட்டியும் தீவக மணலும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் முழங்கை நோவுக்குப் பட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் வெல்க்ரோவைப் பார்க்க வேண்டும். அகலம், நிறம், உள்ளே வைத்த மெத்தை எல்லாம் பிறகு. பல வாரங்களாக வெல்க்ரோப் பட்டி ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு வேலணைத் தோட்டத்திலும் குறிகட்டுவான் துறையிலும் நெடுந்தீவுப் படகிலும் திரிந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சச்சின் டெண்டுல்கர் 2004இல் டென்னிஸ் எல்போ என்னும் இந்த முழங்கை நோவால் அவதிப்பட்டு, 2005இல் லண்டனில் சத்திரசிகிச்சை செய்துகொண்டபோது, கிரிக்கெட் பார்க்கிற வீடுகளுக்கெல்லாம் இந்த நோயின் பெயர் தெரிந்துபோனது. எங்கள் பக்கத்தில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் எத்தனை பேர்? அலவாங்கு போட்டுப் பனங்கிழங்கு கிண்டுகிறவர்கள், வள்ளத்து எஞ்சினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிறவர்கள், கிணற்றில் வாளி இழுக்கிறவர்கள், திருவலையில் தேங்காய் திருவுகிறவர்கள், இவர்களுக்குத்தான் இங்கே வருகிறது. மணிக்கட்டை மேலே நிமிர்த்தும் தசைநார், முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகிறது. அதற்குப் பிறகு சாரத்தைப் பிழியவும் நோகும், தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவும் நோகும்.

பட்டியின் வேலை எளியது. நோகிற முனையில் கட்டக் கூடாது. அதற்கு இரண்டு விரல் அகலம் கீழே, முன்கைத் தசை தடித்திருக்கும் இடத்தில் அது அழுத்தி நிற்க வேண்டும். தசை இழுக்கும்போது வரும் விசையில் ஒரு பங்கைப் பட்டி வாங்கிக்கொள்ளும். நைந்த இடத்துக்குப் போகும் பாரம் குறையும். இடம் சரியா என்று பார்க்க, கட்டாமல் ஒருமுறை கையை இறுக்கிப் பொத்துங்கள், கட்டியபின் இன்னொருமுறை பொத்துங்கள். இரண்டாவது முறை நோ குறைந்திருந்தால் சரி. எனக்கு முதல் நாளே குறைந்தது. நிரம்பிய வாளியைப் பயமில்லாமல் தூக்கி வைத்தபோது வந்த சந்தோசம் பெரிது. இந்தப் பட்டியைக் குறை சொல்லும்போதும் அந்த நன்றி எனக்கு உண்டு.

குறை என்னவென்றால், அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் மயிரில் ஒட்டிய முள்விதைகளைப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் வெல்க்ரோ. வேலியோரம் போனால் சாரத்தில் நாயுருவி ஒட்டுகிறதே, அதே வித்தை. கொக்கிப் பக்கம் வளையப் பக்கத்தைப் பற்றுகிறது. ஆனால் அந்தக் கொக்கிக்கு எது கிடைத்தாலும் ஒன்றுதான். என் பட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கொக்கிகளுக்கு இடையில் கடற்கரை மணல், பனந்தும்பு, சாரத்து நூல், தலைமயிர் எல்லாம் அடைந்து கிடக்கும். ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தாலும் அடுத்த தோட்ட வேலைக்குப் பிறகு பழையபடிதான். வியர்வை ஊறிய பட்டியை நெடுந்தீவின் சவர்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்தபின் உப்புப் பொரிந்து நிற்கும். தோலும் சிவந்து கடிக்கத் தொடங்கும்.

பிடி தளர்ந்த பட்டி மெல்ல மேலே ஏறி, நோகிற எலும்பு முனையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. கயிற்றை இழுக்கிற நேரத்தில் அப்படி நடந்தால் பட்டி இல்லாமலிருப்பதே மேல் என்று தோன்றும். நழுவாமல் இருக்க இறுக்கிக் கட்டினால் விரல்கள் விறைக்கின்றன. இறுக்கம் கூடினால் கீழே ஓடும் நரம்பும் நசுங்கும் என்பதால் இதைச் சின்ன விசயமாக விடக் கூடாது. இந்தப் பட்டியைச் செய்த நிறுவனத்தின் முழங்கால் பட்டியை எங்கள் வீட்டில் நெடுங்காலம் பாவித்திருக்கிறோம். அந்த நம்பிக்கையில் விலை கூடியதைத் தேடி வாங்கினேன், அதனால்தான் கோபமும் கூட. கையால் உழைக்கிறவர்களுக்கு வருகிற நோவுக்குச் செய்த பொருள், மண்ணையும் வியர்வையையும் தாங்க வேண்டாமா?

கடைசியில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் கொடுத்து, வெல்க்ரோவை வெட்டி எடுத்துவிட்டுச் செருப்புப் பக்கிள் ஒன்றைத் தைப்பித்தேன். அன்றிலிருந்து நழுவவில்லை. துளைக்குத் துளை இறுக்கம் தெரிகிறது. பட்டிக்குள் ஒரு விரல் நுழைகிற அளவில் நிறுத்தலாம்.

மற்ற வைத்தியங்களையும் விட்டுவிட முடியாது. நோவெண்ணெய், கோடாலித் தைலம், நொச்சியிலை ஒத்தடம் எல்லாம் இரவில் ஆறுதல் தரும், நைந்த தசைநாரைக் கட்டியெழுப்பாது. ஸ்டீராய்ட் ஊசி விரைவாகக் கேட்கும். ஆனால் 2006இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், 198 பேரில் ஊசி போட்டவர்கள் ஆறு வாரத்தில் நல்ல சுகம் கண்டார்கள், பிறகு அவர்களில் பலருக்கு நோ திரும்பியது. ஓராண்டில் இயன்மருத்துவம் பெற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். தசைநாரைத் தேற்றுவது பயிற்சிதான். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடியுங்கள். மற்றக் கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு, நோகிற கையால் மெதுவாக, மிக மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தரம், மூன்று முறை. பலன் தெரிய வாரங்கள் செல்லும். வாளி, கடகம் எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குங்கள்.

பட்டியை வேலை நேரத்தில் மட்டும் கட்டுங்கள், படுக்கும்போது கழற்றிவிடுங்கள். விரல் விறைப்பு மாறாவிட்டால் ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ போய்க் காட்டுங்கள். வாங்குவதென்றால் பக்கிள் வைத்ததைக் கேளுங்கள். வெல்க்ரோ மட்டும்தான் கிடைக்கிறது என்றால், அதில் மலிந்ததை வாங்கி, மிச்சக் காசைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுங்கள்.