ஊருக்கு வழி சொல்லும் புத்தகங்கள்

மேலூர் பஸ் ஸ்டாண்டில் விசாரித்து, டவுன் பஸ் பிடித்து, எங்கள் தெருவில் வந்து இறங்கினாள் ஒரு அமெரிக்கப் பெண். மதுரையில் தங்கித் தமிழ் படிக்கிற மாணவி. நண்பர் ஒருவர் முகவரி கொடுத்து அனுப்பியிருந்தார். என் ஆத்தா திண்ணையைத் துடைத்துவிட்டு "உக்காரு தாயி" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தது. அவள் தங்கியிருக்கிற வீட்டில் "அங்கெல்லாம் போனா தண்ணி குடிச்சிராத, ஒத்துக்காது" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். எந்தத் தண்ணீர் யாருக்கு ஒத்துக்காது என்பதை அவளே யோசித்துக்கொள்ளட்டும் என்று நான் பேசாமல் இருந்தேன். அவள் குடித்தாள். குடித்துவிட்டு, நோட்டைத் திறந்து, பழகிய தமிழில் ஆத்தாவிடம் கேட்ட முதல் கேள்வி இது: "உங்களுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?"

ஆத்தா என் முகத்தைப் பார்த்தது. நான் அந்தப் பெண்ணின் பையைப் பார்த்தேன். கேள்வி அதற்குள் இருந்த புத்தகத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

1834இல் அமெரிக்க மிஷன்காரர்கள் மதுரைக்கு வந்ததிலிருந்து வெளிநாட்டார் இங்கே வந்து தங்குவது நிற்கவில்லை. பாதிரி, கலெக்டர், மானுடவியல்காரர், மாணவர் என்று ஆள் மாறுகிறார்கள். எல்லோரும் வருவதற்கு முன்னால் சில புத்தகங்களைப் படித்துவிட்டு வருகிறார்கள். நாம் யார் என்பதை நம்மைப் பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுகிற புத்தகங்கள் அவை. அவற்றைத்தான் இங்கே வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். எல்லாவற்றையும் படித்தவன் இல்லை நான். நூலகத்தில் உட்கார்ந்தும், அந்தப் பெண்ணிடம் இரவல் வாங்கியும், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் படித்தவன்.

மூத்த புத்தகம் அபே துபுவாவுடையது. பிரெஞ்சுப் பாதிரியான அவரிடமிருந்து கும்பெனிக்காரர்கள் கையெழுத்துப் படியை விலைக்கு வாங்கி, 1816இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். இந்த நாட்டை ஆள வருகிறவனுக்கு நாட்டு நடப்பைச் சொல்லித்தருவதுதான் நோக்கம். அதில் பெரும்பகுதி அவருக்கு முன்னிருந்த கேர்து என்ற ஏசு சபைப் பாதிரியின் எழுத்து என்று பின்னால் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது கிடக்கட்டும். பிராமணர் குளிப்பது, உண்பது, மந்திரம் சொல்வது எல்லாம் அதில் பக்கம் பக்கமாக வருகிறது. நம்மைப் பற்றிய இடத்தில் அருவருப்புதான் இருக்கிறது. அக்கிரகாரத்து ஜன்னல் வழியாகச் சேரியைப் பார்த்தால் வேறென்ன தெரியும்?

அடுத்து எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் ஏழு தொகுதிகளில் அகரவரிசைப்படி அடுக்கிவைத்தவர். ஆட்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்த மனிதர். மேலூர்ப் பக்கத்துக் கள்ளர்களின் வளரித்தடியைப் பற்றி ஆசையாக எழுதியிருக்கிறார். பறையர் பற்றியும் நீண்ட பகுதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பறவைக்கும் அந்தப் பக்கத்தில் இருக்கிற நமக்கும் பெரிய வித்தியாசமில்லை. கூலி எவ்வளவு, நிலம் யாரிடம், அடித்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதை அந்தப் பெட்டி காட்டாது.

ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி எழுத்துக்கள் கள்ளரையும் சும்மா விடவில்லை. திருட்டைக் குலத்தொழில் என்று எழுதிவைத்தார்கள். அந்த எழுத்துதான் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குப் போட்ட பாதை. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். புத்தகம் துப்பாக்கியாக மாறுவதை அறிந்த மக்கள் அவர்கள். அந்த வலி தெரிந்தவர்கள் எங்கள் கழுத்தை மட்டும் ஏன் மிதித்தார்கள் என்ற கேள்விக்கு எந்தத் தொகுதியிலும் பதில் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் வந்தார். 1949, 50களில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களோடு தங்கி, அவர்களைப் பற்றி 1957இல் ஒரு பெரிய நூல் எழுதினார். அதற்கப்புறம் 1966இல் சாதியைப் பற்றிய பெரிய கோட்பாட்டு நூல் வந்தது. சாதிக்கு அடிப்படை தூய்மை, தீட்டு என்ற எண்ணம். உச்சியில் பிராமணர், அடியில் தீண்டத்தகாதவர். அதிகாரம் இந்த எண்ணத்துக்குக் கட்டுப்பட்டது என்பது அவர் வாதம். உலகப் பல்கலைக்கழகங்களில் இன்றும் பாடம் நடத்துகிறார்கள்.

எங்கள் ஊரை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் பாயும் என்பதை எந்தப் பிராமணர் முடிவு செய்கிறார்? நாட்டுக் கூட்டத்தில் அம்பலத்துக்கு எதிரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற என் தாத்தா எந்த சாஸ்திரத்துக்குப் பயந்து நின்றார்? நிலம் அவர்களிடம், களம் அவர்களிடம், கண்மாய் மீன் ஏலம் அவர்களிடம், கோயில் முதல் மரியாதை அவர்களிடம். சாவுக்கு அடிக்கிற தப்பு மட்டும் எங்களிடம். இதைப் பார்த்துவிட்டு இதெல்லாம் ஒரு 'எண்ணம்' என்று எழுதுவதற்குப் பாரிசில் போய் உட்கார்ந்தால்தான் முடியும். 1936லேயே அம்பேத்கர் சாதி ஒழிப்பை எழுதிவிட்டார். துய்மோன் கட்டிய மாளிகையில் அம்பேத்கருக்கு ஒரு திண்ணைகூட இல்லை.

இனி அந்தப் பெண் பையில் இருந்த புத்தகம். மைக்கேல் மொஃபத் 1979இல் எழுதியது. செங்கல்பட்டுப் பக்கம் எண்டாவூர் சேரியில் தங்கி ஆராய்ந்தவர். தீண்டப்படாதவர்கள் தங்களை ஒடுக்குகிற அமைப்போடு உடன்பட்டுத்தான் வாழ்கிறார்கள். ஊர் தங்களை எதிலிருந்து ஒதுக்குகிறதோ அதையே சேரிக்குள் திரும்பக் கட்டிக்கொள்கிறார்கள். தங்களுக்குக் கீழே ஒரு சாதியை வைத்துக்கொள்கிறார்கள் என்பது சாரம். "உங்களுக்குக் கீழே யார்?" என்ற கேள்வி இந்தப் புத்தகம் பெற்ற பிள்ளை.

இதைக் கேட்டதும் நம் தோழர்கள் கொதிப்பார்கள். நானும் கொதித்தேன். பிறகு இரவில் படுத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் தெருவுக்குத் தெற்கே சக்கிலியர் வீடுகள் ஏழெட்டு இருக்கின்றன. என் சின்ன வயதில் அந்த வீட்டுக் கல்யாணத்தில் நாங்கள் யாரும் கை நனைத்ததில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஆத்தா அன்றைக்கு ஏன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தது? பொய் சொல்லத் தெரியாமல்தான். மொஃபத் பார்த்தது பொய் இல்லை. 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு 3 சதவீதம் வந்தபோது நம் ஆட்களிலேயே எத்தனை பேர் முகம் சுருங்கியது என்பதை நாம் மறந்துவிட்டோமா? 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உள்வகைப்படுத்தல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னபோதும் அந்தச் சுருக்கம் தெரிந்தது.

ஆனால் அவர் பார்த்ததிலிருந்து போய்ச்சேர்ந்த இடம் தப்பு. ஜெயிலுக்குள் கைதிகள் தங்களுக்குள் ஒரு மேஸ்திரியை வைத்துக்கொள்கிறார்கள் என்றால், அவர்கள் ஜெயிலுக்குச் சம்மதித்தார்கள் என்று அர்த்தமா? வெளியாள் ஒருவர் நோட்டோடு வந்து உட்கார்ந்தால் யார் என்ன சொல்வார்கள்? அவர் போன பிறகு அதே ஊரில்தானே மறுநாள் கூலிக்குப் போகணும். பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று படித்துவிட்டார்.

சம்மதமா இல்லையா என்பதற்கு எங்கள் தாலுகாவே பதில் எழுதியது. மேலவளவு ஊராட்சி 1996இல் தனித்தொகுதியானது. நிற்கக் கூடாது என்று மிரட்டினார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள், தேர்தலை நடத்தவிடாமல் செய்தார்கள். முருகேசன் நின்றார், தலைவரானார். 1997 ஜூன் 30, மதுரை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசன் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2019 நவம்பரில் அதில் 13 பேரை எம்.ஜி.ஆர். நூற்றாண்டைக் காரணம் காட்டி அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. உடன்பட்டு வாழ்கிறவன் நாற்காலிக்காகத் தலையைக் கொடுப்பானா?

கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்கு வெளிநாட்டு மாணவர்களைக் கூட்டிப்போகிறார்கள். சமணர் படுக்கை, தமிழ்-பிராமி எழுத்து எல்லாம் காட்டுகிறார்கள். நல்லதுதான். அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஆறு பேரின் நினைவிடம். வண்டி அங்கே போவதில்லை. மீனாட்சி கோயிலைப் பற்றியும் இப்படித்தான். நாயக்கர் சிற்பம், ஆயிரங்கால் மண்டபம் என்று நீளும். 1939 ஜூலை 8 வரை நாம் அதற்குள் கால் வைக்க முடியாது என்பது சொல்லப்பட்டாலும், வைத்தியநாத ஐயர் கூட்டிப்போனார் என்று ஒரு வரியில் முடியும். கூடப் போனவர்களில் ஒருவர் இதே மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். கூட்டிப்போனவர் பெயர் நிற்கும், நடந்துபோனவன் பெயர் உதிரும்.

நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்க்கிற என் தம்பி முறைக்காரன், கொரியாவை வெளிநாட்டாருக்கு விளக்குகிற புத்தகங்கள் இரண்டு கொடுத்தான். அரண்மனை, கன்பூசியஸ், கிம்ச்சி, பெரியவர்களுக்கு எப்படிக் குனிந்து வணக்கம் சொல்வது, எல்லாம் இருந்தது. தேடிப் பார்த்தேன், பெக்ஜோங் என்ற சொல் இரண்டிலும் இல்லை. மாடு அறுத்தவர்கள், தோல் வேலை செய்தவர்கள். ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். 1894இல் சட்டம் அவர்களை விடுவித்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தது மாறவில்லை. 1923இல் ஜின்ஜு நகரத்தில் ஹியோங்பியோங்சா என்ற சமத்துவச் சங்கம் கண்டார்கள். கறி நிறுக்கிற தராசுதான் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஜப்பானில் புராக்கு மக்கள் சுய்ஹேய்ஷா கண்டார்கள். நாலு வருஷம் கழித்து மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளினார். கொரிய மொழியிலும் அம்மா, அப்பா இருக்கிறது என்று மேடையில் பூரிக்கிற நம் தமிழறிஞர்கள் கொரியாவிலும் சேரி இருந்தது என்பதைச் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் எதைப் படிக்கச் சொல்வது? அந்தப் பெண்ணே கேட்டாள். பாமாவின் 'கருக்கு' சொன்னேன். 1992இல் மதுரையில் அச்சான புத்தகம், 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் ஆங்கிலத்தில் கொடுத்தார். புதுச்சேரிப் பக்கத்துச் சேரிப் பெண் வீரம்மா பேசப் பேச ரசீன் தம்பதியர் தொகுத்த வாழ்க்கைக் கதையைச் சொன்னேன். விதி என்று அந்த அம்மா சொல்கிற இடங்களில் கோபம் வரும், ஆனாலும் குரல் அவருடையது. மேலவளவை எழுதிய மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 1999 அறிக்கையைச் சொன்னேன். மதுரையில் தங்கி விடுதலைச் சிறுத்தைகளோடு நடந்து எழுதிய ஹியூகோ கோரிஞ்சின் 2005 நூலைச் சொன்னேன். அவர் நம்மை ஆய்வுப்பொருளாக மட்டும் வைக்கவில்லை, வாதம் பண்ணுகிற ஆட்களாக வைத்தார்.

எல்லாம் எழுதிக்கொண்டாள். பிறகு தெற்கே கையைக் காட்டி, "அந்த வீட்டுக்காரர்கள் எழுதிய புத்தகம் எது?" என்றாள். எங்கள் ஊர்ச் சக்கிலியர் பற்றி அவர்களே சொன்ன ஒரு பக்கம்கூட என் அலமாரியில் இல்லை. எனக்கு வாய் வரவில்லை.

ஆத்தாதான் எழுந்தது. "வா தாயி, நானே கூட்டிப்போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தது. அறுபது வருஷமாக எதிர்த்தாற்போல் இருக்கிற அந்த வாசலில் அது உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த வீட்டுக் கிழவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலில் வெள்ளைக்காரப் பிள்ளையிடம் நீட்டினாள். அப்புறம் தயங்கி, ஆத்தா பக்கம் நீட்டினாள்.