டார்ச் யார் கையில்?

தனி பங்களா, நடுராத்திரி, கரண்ட் கட். தமிழ்ப் பேய்ப்படத்துக்கு இவை போதும் என்று ஆகிவிட்டது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆர் ஓரத்தில் சவுக்குத் தோப்பும் உயரமான மதில் வைத்த பங்களாக்களுமாக, இந்தக் கதைகளுக்கு ஏற்ற களம் நிறையவே கிடக்கிறது. களம் கிடைத்தும் பல படங்களில் பயம் வருவதில்லையே, ஏன்? கார்த்திக் சுப்பராஜின் முதல் படமான ‘பீட்சா’வை (2012) வைத்து இதைப் பார்க்கலாம்.

பீட்சா கொடுக்கப்போன மைக்கேல் (விஜய் சேதுபதி) ஒரு பங்களாவுக்குள் மாட்டிக்கொள்கிறான். கையில் ஒரு டார்ச். அதன்பின் நெடுநேரம், அந்த வெளிச்சம் விழும் இடம் மட்டுமே நமக்குத் தெரிகிறது. அறை முழுவதையும் காட்டி நம்மை ஆசுவாசப்படுத்த கோபி அமர்நாத்தின் கேமரா அவசரப்படுவதில்லை. வெளிச்சம் சுவரை விட்டுப் படிக்கட்டுக்கு நகரும்போது, இப்போது அந்தச் சுவரோரம் என்ன நிற்கிறதோ என்று மனசு பின்னாலேயே நிற்கிறது. விளக்கு பாத்திரத்தின் கையில் இருப்பதால், இயக்குநர் நம்மிடம் எதையோ ஒளிக்கிறார் என்ற எண்ணமும் எழுவதில்லை. இந்த உத்தியின் பெரிய பலம் இதுதான்.

சிக்கல் சத்தத்தில் வருகிறது. அமைதியில் மெல்ல ஏறிய பயம், திடீரென்று அலறும் இசையில் உடம்பைத் துள்ளவைத்துவிட்டு அப்படியே வடிந்துவிடுகிறது. ‘பீட்சா’ இதை ஓரளவு அடக்கியே கையாள்கிறது. ‘காஞ்சனா’ (2011) பாணிப் படங்களிலோ பயந்த மறுநொடியே சிரித்தாக வேண்டும். குடும்பத்தோடு வந்தவர்கள் அதை ரசித்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பயம் தேங்கி நிற்க அங்கே நேரமே இல்லை. கடலோரக் கதையிலும் அலைச் சத்தத்தை அமுக்கிவிட்டு வயலினை ஏற்றுகிறார்கள். ராத்திரியில் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் நடந்தவர்களுக்குத் தெரியும், அலை ஓயாமல் இரைவதால் பின்னால் வருகிற காலடி காதில் விழாது. இதைவிடப் பெரிய பயம் எந்த வாத்தியத்தில் கிடைக்கும்?

பங்களாவில் நடந்தது முழுக்க மைக்கேல் கட்டிய கதை என்று பிறகு தெரிகிறது. பொய்யை ஃபிளாஷ்பேக்காகக் காட்டியதற்கு ‘ஸ்டேஜ் ஃபிரைட்’டில் (1950) ஹிட்ச்காக் பழிக்கு ஆளானார். அந்தப் பழி இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. டார்ச் பொய் சொல்கிறவன் கையில்தான் இருந்தது; அவன் காட்ட நினைத்ததை மட்டுமே நாம் பார்த்தோம். ஆனாலும் விஷயம் தெரிந்து மறுபடி பார்க்கும்போது அந்தக் காட்சிகளில் சாமர்த்தியம் தெரிகிறதே தவிர, பயம் பாதியாகிவிடுகிறது. பேய்ப்படத்துக்கு இது இழப்புதான். கடைசியில் இன்னொரு வீட்டுக்குள் அவன் நிஜமாகவே மாட்டும்போது, அந்த இழப்பில் கொஞ்சத்தைப் படம் மீட்டுக்கொள்கிறது.