பிரதம விருந்தினரிடம் மாணவர் எப்போது பேசுவது?

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் பரிசளிப்பு விழா இன்னும் பழைய ஒழுங்கு குலையாமல் நடக்கிறது. பிரதம விருந்தினரை வாசலில் மாலையிட்டு, பாண்ட் வாத்தியத்துடன் மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, அதன்பின் அதிபர் அறிக்கை. பரீட்சைப் பெறுபேறுகளும், விளையாட்டில் எடுத்த இடங்களும், நிரப்பப்படாத ஆசிரியர் வெற்றிடங்களும் அந்த அறிக்கையில் வரும். பிறகு பிரதம விருந்தினர் உரை. பரிசில்களை அநேகமாக அவருடைய துணைவியார் வழங்குவார். பெயர் வாசிக்கப்பட்டதும் மாணவி ஒரு பக்கத்துப் படியால் ஏறுவாள், வணங்குவாள், புத்தகங்களை வாங்கிப் படத்துக்கு ஒரு கணம் நிற்பாள், மறுபக்கத்துப் படியால் இறங்கிவிடுவாள். மேடையில் இருப்பவர் அவள் பல வருடமாக மனதில் வைத்திருந்த மருத்துவராகவோ எழுத்தாளராகவோ இருக்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க நிகழ்ச்சி நிரலில் அவளுக்கு இடமில்லை.

தமிழகத்துப் பள்ளிகளின் ஆண்டு விழாவிலும் மேடையும் பொன்னாடையும் உண்டு. ஆனால் வருகிறவர் வேறு வகை. மாவட்ட ஆட்சியர், காவல்துறை அதிகாரி, விண்வெளி விஞ்ஞானி, பட்டிமன்றப் பேச்சாளர், திரை நடிகர் என்று ஊர் முழுக்க முகம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. இதன் உச்சத்தை 2023 ஜூன் மாதம் சென்னை நீலாங்கரையில் பார்த்தோம். 234 சட்டமன்றத் தொகுதிகளிலும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் முதல் மூன்று இடம் பெற்ற பிள்ளைகளை நடிகர் விஜய் பெற்றோருடன் வரவழைத்து, மணிக்கணக்காக நின்று ஒவ்வொருவருக்கும் பரிசு கொடுத்தார். திரையில் மட்டுமே பார்த்த முகம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றபோது அந்தப் பிள்ளைகள் அடைந்த பூரிப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அத்தனை பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது சில நொடிகளே.

இலங்கையில் பிரதம விருந்தினர் பெரும்பாலும் அந்தப் பாடசாலையின் பழைய மாணவர். பேராசிரியராகவோ பொறியியலாளராகவோ புலம்பெயர் நாடொன்றில் பெயர் எடுத்தவராகவோ இருப்பார். இதே மண்டபத்தில் இதே வாங்கில் இருந்து இதே அதிபர் அறிக்கையைக் கேட்டவர். ‘இவரால் முடிந்தது என்றால் எனக்கும் முடியும்’ என்ற நினைப்பு மாணவருக்கு வருவதற்கு இதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை. நாடு சிறியது, சமூகம் அதைவிடச் சிறியது. அதனால் போற்றப்படுகிறவர் எட்டாத உயரத்தில் நிற்பதில்லை.

பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைத்துப் பார்க்கிறேன். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் வரை போனவர். சுமை ஏற ஏற ஈரக் களிமண் எப்படி உருமாறுகிறது என்று ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்ற இரு அறிஞர்களோடு அவர் சேர்ந்து எழுதி 1963இல் வெளிவந்த ஆய்வு, மண் பொறியியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் கடந்து செல்ல வேண்டிய ஒன்று. அப்படிப்பட்டவர் போர்க்காலத்தில், எரிபொருளுக்குத் தடை இருந்த நாட்களில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபடி சைக்கிளில் போய்வந்தார். அவரைச் சந்திக்க மாணவருக்கு மேடையோ அழைப்பிதழோ தேவைப்படவில்லை. சந்தியில் நின்றால் போதும். 1994இல் அவர் மறைந்தபின் ஒரு தலைமுறை அவரைப் பற்றிச் சொல்லும் முதல் விடயம் அந்தச் சைக்கிள்தான். களிமண் ஆய்வு அதற்குப் பிறகே வரும். அறிவும் எளிமையும் ஒரே ஆளில் இருக்கக்கூடும் என்பதை மாணவர்கள் தெருவில் நின்று கண்ணால் கண்டார்கள். இந்த நெருக்கம் எங்களுடைய பெரிய சொத்து. எங்கள் பரிசளிப்பு விழாக்கள் அதைப் பயன்படுத்தாமல் விடுகின்றன என்பதே என் குறை.

ஏனென்றால், நெருக்கம் இருந்தும் நாங்கள் பிள்ளைகளைப் பேச விடுவதில்லை. இந்தியாவில் அந்தத் தூரத்தைத் தாண்ட ஒருவர் வழி கண்டார். அப்துல் கலாம் குடியரசுத் தலைவர் ஆவதற்கு முன்பே ஒரு லட்சம் மாணவர்களைச் சந்திப்பது என்று முடிவெடுத்து ஊர் ஊராகப் போனார். அவருடைய கூட்டங்களில் உரைக்குப் பின் கேள்வி நேரம் இருக்கும். எழுந்து நிற்கும் பிள்ளைக்கு நேராக முகம் கொடுத்துப் பதில் சொல்வார். கேட்டுக்கொள்ளவும் அவருக்குத் தெரியும். குஜராத்தின் ஆனந்த் நகரத்தில் மாணவர்களிடையே ‘நம் எதிரி யார்?’ என்ற பேச்சு எழுந்தபோது, வறுமை என்று ஒரு மாணவி சொன்னாள். 2002இல் வெளிவந்த தம் நூலை அவர் அந்தச் சிறுமிக்கே காணிக்கையாக்கினார். பெரியவரைச் சந்தித்த மாணவி எதையோ பெற்றுக்கொண்டாள் என்பதுதான் வழக்கமான கதை. இங்கே பெற்றுக்கொண்டவர் பெரியவர்.

கலாம் கூட்டங்களில் எனக்கு ஒப்பாத பகுதியும் உண்டு. அவர் வரி வரியாகச் சொல்ல, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே குரலில் உறுதிமொழி எடுப்பார்கள். கேட்பதற்கு எழுச்சியாக இருக்கும். ஆனால் ஒரு பிள்ளை தன் சொந்தச் சொற்களில் கேட்கும் தடுமாற்றமான கேள்வி, அந்தப் பெருங்குரலைவிட நெடுநாள் அவளோடு இருக்கும் என்று நம்புகிறேன். 2012 ஜனவரியில் கலாம் யாழ்ப்பாணம் வந்தார். போர் முடிந்து மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கடலுக்கு அக்கரையில், இராமேசுவரத்தில், தமிழிலேயே பள்ளிப் படிப்பைத் தொடங்கி நாட்டின் தலைவரான ஒருவர் எங்கள் மாணவர்கள் முன் நின்று எதிர்காலத்தைப் பற்றிப் பேசியது, முகாம்களிலிருந்தும் இடப்பெயர்விலிருந்தும் மீண்டுகொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சிறிய விடயமல்ல.

சந்திப்பு ஒரு நாளோடு முடியாமல் பயிற்சியாக வளர்வது இந்தியாவில் நான் பொறாமையோடு பார்க்கும் இன்னொன்று. 2013 நவம்பரில் சென்னையில் சதுரங்க வீரர்கள் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு ஆடியபோது ஏழு வயதுக் குகேஷ் பார்வையாளர் இருக்கையிலிருந்து அவர்கள் ஆடிய கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் உள்ளே தானும் இருக்க வேண்டும் என்று அன்று ஆசைப்பட்டதைப் பின்னாளில் அவரே சொன்னார். அந்தப் போட்டியில் ஆனந்த் பட்டத்தை இழந்தார். ஆனால் தன்னை அண்ணாந்து பார்த்த பிள்ளைகளை அவர் பார்வையாளர்களாகவே விட்டுவிடவில்லை. 2020இல் தொடங்கிய பயிற்சிக் கழகத்தின் வழியாகக் குகேஷ் போன்றவர்களுக்கு வழிகாட்டினார். 2023 செப்டம்பரில் குகேஷ் தரவரிசையில் ஆனந்தையே முந்தினார். 37 வருடமாக ஆனந்த் வைத்திருந்த இந்திய முதலிடம் அது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், பதினெட்டு வயதில், உலகப் பட்டம் அவர் கைக்கு வந்தது. எங்கள் பழைய மாணவர் சங்கங்கள் கட்டடங்களுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் அள்ளிக் கொடுக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு மாணவரோடு தொலைபேசியில் பேசி வழிநடத்தும் வேலையை எடுத்துக்கொள்ளும் சங்கங்கள் மிகச் சில.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு முறை யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. 1927 நவம்பரில் காந்தி இங்கே வந்தபோது அவரை வரவழைப்பதில் முன்னின்றவர்கள் மாணவர்கள். ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ்தான் அந்த வருகைக்கு விருந்தோம்பியது. சாதி வேற்றுமையும் சீதனமும் ஒழிய வேண்டும் என்று அந்த இளைஞர்கள் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது, என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதைக் கேட்பதற்குரிய மனிதரைத் தாமே தேடி அழைத்தார்கள். காந்தியும் அவர்களை வெறும் இரசிகர்களாக நடத்தவில்லை. கதர் நிதி கேட்டார், தீண்டாமையைக் கண்டித்தார், செய்யவேண்டிய வேலையைச் சொன்னார். தமிழகத்திலும் பிற இடங்களிலும் கையெழுத்துக் கேட்டு வந்தவர்களிடம் அரிசன நிதிக்கு ஐந்து ரூபா வாங்கிக்கொண்டே அவர் கையெழுத்திட்டார். பெரியவரை வணங்க வந்தவர் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பினார்.

இன்று விருந்தினரைத் தெரிவு செய்வது அதிபரும் பழைய மாணவர் சங்கமும். நன்கொடை தரக்கூடியவரா என்பதும் அந்தத் தெரிவில் நுழைந்துவிடுகிறது. அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு உயர்தர வகுப்பு மாணவர் மன்றம் மூன்று பெயர்களைத் தெரிவு செய்து, ஒவ்வொருவரையும் ஏன் அழைக்க விரும்புகிறோம் என்று காரணம் எழுதிக் கொடுக்கட்டும். அழைப்புக் கடிதத்தை மாணவத் தலைவரும் அதிபரும் சேர்ந்து ஒப்பமிடட்டும். அதிபர் அறிக்கையை அச்சிட்டு முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அரை மணித்தியாலம் மிஞ்சும். அந்த நேரத்தில் பிரதம விருந்தினர் மேடையிலிருந்து இறங்கி, முதல் வரிசைக்கு முன்னால் ஒரு கதிரையில் இருந்து, பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்லலாம். கேள்விகளை ஆசிரியர்கள் முன்கூட்டியே வாங்கித் திருத்தக் கூடாது.