அப்பத்தா கேட்காத கேள்வி

காலப்பயணக் கதைகளில் தாத்தாக்கள் படாத பாடு படுகிறார்கள். ஒருவன் பின்னோக்கிப் போய்த் தன் தாத்தாவை இளவயதிலேயே கொன்றுவிட்டால் அவன் எப்படிப் பிறந்திருப்பான் என்கிற புதிரை வைத்துக்கொண்டு அறிவியல் புனைவு எழுதுகிறவர்கள் பல பத்தாண்டுகளாகப் பிழைப்பு நடத்துகிறார்கள். ஹெச். ஜி. வெல்ஸ் 1895இல் 'டைம் மெஷின்' நாவலை வெளியிட்டபோது ஆளை முன்னோக்கி அனுப்பினார், எட்டு லட்சம் வருஷத்துக்கு அப்பால். பின்னால் வந்தவர்களுக்குத்தான் பின்னோக்கிப் போகும் ஆசையும், போனால் எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற பயமும் பிடித்துக்கொண்டது. தாத்தாவைக் கொல்லப் போகும் கதைகளுக்குக் குறைவில்லை. செத்துப்போன அப்பத்தாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று மட்டும் கிளம்புகிற கதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டோரேமான்தான்.

ஆமாம், அதே டோரேமான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கடாசிவிட்டுப் பிள்ளைகள் பார்க்கிற நீலப் பூனை. "இதுக்கெல்லாமா விமர்சனம்?" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்கணும். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரில் வரைந்த ஹிரோஷி ஃபுஜிமோட்டோ, 1969ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பானியச் சிறுவர் இதழ்களில் தொடங்கிய சித்திரக்கதை இது. 1979இல் தொலைக்காட்சித் தொடராக நிலைபெற்றது. 2005இல் புதிதாக மறுபடி தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபுஜிமோட்டோ 1996இல் இறந்துவிட்டார். அவருடைய பூனை இன்னும் சாகவில்லை. கணக்குப்படி அது இன்னும் பிறக்கவே இல்லை. டோரேமான் செய்யப்பட்ட தேதி 2112 செப்டம்பர் 3.

நான் பேசப்போகும் அத்தியாயத்தின் பெயரைத் தமிழில் 'பாட்டியின் நினைவுகள்' என்று சொல்லலாம். 1970இல் ஃபுஜிமோட்டோ வரைந்த கதை. தொகுப்பில் நான்காம் தொகுதியில் இருக்கிறது. தொலைக்காட்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை எடுத்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் அயுமு வாடனாபே இயக்கத்தில் குறும்படமாகவும் வந்தது. எல்லாவற்றிலும் எலும்புக்கூடு ஒன்றுதான்.

நோபிடாவுக்கு ஒரு பழைய கரடி பொம்மை கிடைக்கிறது. கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்த பொம்மை. தைத்தவர் பாட்டி. நோபிடா சிறுபிள்ளையாக இருக்கும்போதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பொம்மையைப் பார்த்ததும் பையனுக்குப் பாட்டியைப் பார்க்கணும் என்று ஆகிவிடுகிறது. அவன் மேசை இழுப்பறைக்குள்தான் டைம் மெஷின் இருக்கிறதே! டோரேமான் முதலில் தயங்குகிறது: மூன்று வயசுப் பேரனை இடுப்பில் வைத்திருக்கிற கிழவி முன்னால் இவ்வளவு பெரிய பையனாகப் போய் நின்றால் அவர் மிரண்டுவிட மாட்டாரா? தூர நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பேச்சு. போகிறார்கள்.

அங்கே பாட்டி இருக்கிறார். பொடியன் நோபிடாவும் இருக்கிறான், பாட்டியைப் படுத்திக்கொண்டு. பருவமில்லாத பருவத்தில் வாணவெடி வேணும் என்று அடம். பாட்டி கடைகடையாய்த் தேடி அலைகிறார். எங்கள் ஆலங்குடிப் பக்கம் மார்கழியில் பலாப்பழம் கேட்டு அழுகிற பிள்ளை மாதிரி என்று வையுங்கள். பெரிய நோபிடா மறைந்திருந்து இதைப் பார்க்கிறான். பொடியனை நாலு சாத்து சாத்தலாம் போல் அவனுக்கு ஆத்திரம் வருகிறது. அடிக்கப்போகிறவனும் அவனே, அடி வாங்கப்போகிறவனும் அவனே. காலப்பயணத்தின் முரண்களைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு முரணை, அதாவது தன் பழைய அலட்சியத்தைத் தானே வெளியிலிருந்து பார்க்க நேர்வதை, இவ்வளவு சாதாரணமாகச் சொன்ன இடம் குறைவு.

பிறகு அவன் பாட்டியை நேருக்கு நேர் சந்திக்கிறான். இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்பது பாட்டியின் ஏக்கம். நோபிடா ஓடுகிறான். தன் காலத்துக்குப் போய்ப் பள்ளிப்பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். நான்தான் நோபிடா, நம்புவீங்களா என்று கேட்கிறான். பாட்டிக்குத் திகைப்பே இல்லை. முதலிலிருந்தே அப்படித்தான் தோன்றியது என்கிறார். இவன் சொல்வதைத் தான் எதற்குச் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் நிலை.

இந்த இடத்தைப் பலவீனம் என்று சொல்லலாம். அறிவியல் புனைவில் நம்பமுடியாதது ஒன்று நடந்தால் யாராவது அதிர்ச்சி அடைய வேண்டும், ஆதாரம் கேட்க வேண்டும், அப்புறம் விளக்கம் வர வேண்டும். அது மரபு. வாசகனுடைய சந்தேகத்தைக் கதைக்குள் இருக்கிற ஒருத்தர் வாங்கிக்கொள்வதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. இங்கே அந்த ஏற்பாட்டையே தூக்கிப் போட்டுவிட்டார் ஃபுஜிமோட்டோ. சோம்பேறித்தனமா, துணிச்சலா?

எனக்கு இதற்குப் பதில் கிடைத்தது என் அம்மாவிடமிருந்து. என் அக்காவும் மாமாவும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் இது ஒரு விசேஷமான செய்தி இல்லை. எங்கள் தெருவிலேயே நாலு வீடு அப்படி. அக்கா மகன் ஊரில் என் அம்மாவோடு இருக்கிறான். ஒரு விடுமுறையில் அவர்கள் இரண்டு பேருக்கும் இந்த அத்தியாயத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். ஜப்பானிய வசனம், ஆங்கில எழுத்து. நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "பாட்டி" என்று நான் சொன்னதுமே பயல் கேட்டான்:

"மாமா, அது அப்பத்தாவா, அம்மாச்சியா?"

சரியான கேள்வி. எங்கள் பக்கம் பாட்டி என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பாட்டி பாடப்புத்தகத்தில் வடை சுடுகிறவள். வீட்டில் இருப்பது அப்பாவைப் பெற்ற அப்பத்தா, அம்மாவைப் பெற்ற அம்மாச்சி. நோபிடாவின் அப்பாவைப் பெற்றவர் என்பதால் "அப்பத்தாடா" என்றேன். அதிலிருந்து படம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சொல் விழுந்ததும் டோக்கியோ வீட்டின் மரத் தாழ்வாரம் எங்கள் திண்ணைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நம்புகிற காட்சி வந்தபோது, அதிர்ச்சி இல்லையே, இது எப்படி என்று அம்மாவைக் கேட்டேன்.

"பேரன் வந்து நான்தான்னு சொன்னா அவ எதுக்குடா ஆராயப் போறா? நடையப் பாத்தாத் தெரியாதா?" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த அப்பத்தா ஒண்ணு மட்டும் கேக்கல பாத்தியா? அப்ப நான் இருக்கேனான்னு கேக்கல."

அந்த இடத்தில்தான் இந்த அத்தியாயத்தின் முழுக் கனமும் இருக்கிறது. எதிர்காலத்திலிருந்து ஒருவன் வந்து நிற்கிறான். சாதாரண மனுஷர் யாராயிருந்தாலும் முதலில் தன்னைப் பற்றித்தான் கேட்பார்கள். இந்தப் பாட்டி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பையனாக இவனைப் பார்க்கணும் என்று அவர் ஏங்கியதிலேயே, அதுவரைக்கும் இருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருப்பது இருக்கிறது. பேரன் இவ்வளவு தூரம் தன்னைத் தேடி வந்திருப்பதும் அதற்குச் சாட்சிதான். கேட்டால் பிள்ளை அழுவான். அதனால் கேள்வி இல்லை. ஃபுஜிமோட்டோ இதை எங்கும் வசனமாக எழுதவில்லை.

யோசித்துப் பார்த்தால், நம்மை அதிகம் தூக்கிச் சுமந்தவர்களைத்தான் நமக்குக் குறைவாக ஞாபகம் இருக்கிறது. பிறந்து மூன்று வயசு வரைக்கும் நடந்ததெல்லாம் நம் நினைவில் இல்லை. அந்த மூன்று வருஷத்தில்தான் ஒரு கிழவி நம் மூத்திரத்துணியை அலசி, சோற்றை மசித்து ஊட்டி, ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடந்திருக்கிறாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் நமக்கு விவரம் தெரியும்போது அவள் இருக்க மாட்டாள். என் அப்பத்தாவைப் பற்றி எனக்கு மிச்சம் இருப்பது ஒரு வெற்றிலை வாசனையும், சுருக்குப்பையின் நூலும்தான். நோபிடாவுக்காவது வீட்டில் ஆல்பம் இருந்தது. எங்கள் வீட்டு ஆல்பம் 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிரித்துக்கொண்டு போன ராத்திரியில் ஊறிப்போனது. படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது முகங்கள் உரிந்து வந்தன. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்தபோது யாரும் போட்டோவைப் பற்றிப் பேசவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வைத்தான் அந்த டைம் மெஷின் சரிசெய்கிறது. நோபிடா தன் வாழ்க்கையில் தனக்கு விவரம் தெரியாத பகுதியைப் போய்ப் பார்க்கிறான். பாட்டியோ அதே வாழ்க்கையில் தான் இருக்கப்போகாத பகுதியைப் பார்க்கிறார். நடுவில் இருக்கிற சில வருஷங்களை இரண்டு முனையிலிருந்தும் பிடித்து மடித்து, இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறது இயந்திரம். அறிவியல் புனைவால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. யதார்த்தக் கதையில் எழுதினால் கனவு என்றோ ஆவி என்றோதான் ஆகும். ஆகவே 'இது அறிவியல் புனைவே இல்லை, அழுகாச்சிக் கதை' என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

தொடரின் மொத்தப் போக்குக்கும் இந்த அத்தியாயம் எதிராக நிற்கிறது என்பதையும் கவனிக்கணும். டோரேமானை நோபிடாவிடம் அனுப்பியதே அவனுடைய பிற்காலச் சந்ததியான செவாஷி என்ற பையன்தான். நோபிடா செய்யும் குளறுபடிகளால் குடும்பம் கடனில் மூழ்கிவிட்டது, அதை மாற்றத்தான் பூனை வந்திருக்கிறது. அதாவது தொடரின் அடிப்படையே கடந்த காலத்தை ரிப்பேர் பார்ப்பது. வழக்கமான அத்தியாயத்தின் வாய்ப்பாடும் நமக்குத் தெரியும்: ஜியான் அடிப்பான், நோபிடா அழுவான், வயிற்றுப் பையிலிருந்து ஒரு கருவி வரும், அவன் அதைப் பேராசையில் தப்பாகப் பயன்படுத்தி மாட்டிக்கொள்வான். பிள்ளைகள் சோம்பேறியாகிறார்கள் என்று பெற்றோர் திட்டுவது இதற்காகத்தான். பாகிஸ்தானின் பஞ்சாப் சட்டமன்றத்தில் 2016இல் இதைத் தடை செய்யச் சொல்லித் தீர்மானமே கொண்டுவந்தார்கள். பங்களாதேஷ் 2013இல் இந்தி டோரேமானை நிறுத்தியது, பிள்ளைகள் வங்காளம் பேசாமல் இந்தி பேசுகிறார்கள் என்று. இந்தக் கோபங்களில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பாட்டி அத்தியாயத்தில் கருவி எதையும் சாதிப்பதில்லை. பாட்டியின் ஆயுசு ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோபிடாவின் மதிப்பெண்ணும் கூடவில்லை. போனான், பார்த்தான், வந்தான்.

நம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோவை இங்கே நினைத்துக்கொண்டேன். இங்கே இயந்திர நாய், அங்கே இயந்திரப் பூனை. ஜீனோ படிக்கும், தர்க்கம் பேசும், மனிதரைவிட ஒரு படி மேலே யோசிக்கும். அதன் அழகு அதன் மூளையில். டோரேமான் அத்தனை சமர்த்து இல்லை, எலியைக் கண்டால் அலறும். அதன் அழகு, 'போகக்கூடாது' என்று சொல்லிவிட்டு அப்புறம் கூடவே கிளம்பி வருவதில்.

குறை இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் நோபிடா தன் இளவயது அம்மாவைப் பார்க்கிற இடம் வெறும் சிரிப்புக்காக வந்து போகிறது. கிழவிக்குக் கிடைத்த கண்ணியம் அந்த அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. எந்தப் பயலையோ பார்த்து மிரண்டு விரட்டுகிற பெண்ணாகவே நின்றுவிடுகிறார். பாட்டி நம்பினார், பெற்றவள் நம்பவில்லை என்ற எதிர்நிலை வேண்டுமானால் கதைக்கு உதவலாம். ஆனால் வேலை மெனக்கெட்டு வீட்டைக் கட்டிக்காக்கிற அந்த வயசில் யாருக்கும் நிதானமாக நம்ப நேரம் இருக்காது என்பதையும் ஒரு சட்டகத்தில் காட்டியிருக்கலாம்.

கடைசி நகைச்சுவை பற்றி இரண்டு கருத்து இருக்கும். பள்ளிப்பையைப் பார்த்ததும் பாட்டிக்கு ஆசை இன்னும் ஒரு படி ஏறுகிறது: இவன் பெண்டாட்டியையும் பார்த்துவிட்டால் தேவலை. "ஒன் கல்யாணத்தப் பாத்துட்டுக் கண்ண மூடிருவேன்" என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்வதை ஜப்பானிலும் சொல்கிறார்கள் போல. நோபிடா நேராக ஷிசுகாவிடம் ஓடி, இப்பவே கல்யாணம் பண்ணிக்கலாம் வா என்கிறான். அவள் விழிக்கிறாள். மூலக்கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. உருகிக்கொண்டிருந்தவனைக் கிச்சுகிச்சு மூட்டி அனுப்புவது சரியா என்றால், சரி என்பேன். ஆசை நிறைவேறாமல் நிற்கிறது என்பதே முக்கியம். 2020இல் வந்த 'ஸ்டாண்ட் பை மி டோரேமான் 2' இந்த ஒரு ஆசையை எடுத்து, கணினி வரைகலையில் முழுநீளப் படமாக்கி, நோபிடாவின் கல்யாண நாள்வரை இழுத்துக்கொண்டு போனது. கண்ணீர் தாராளமாக வந்தது. ஆனால் கிழவிகளின் ஆசைக்கு முடிவு கிடையாது. கல்யாணம் முடிந்தால் கொள்ளுப்பேரன் என்பார்கள். அடுத்தது அடுத்தது என்று நீண்டுகொண்டே போகிற அந்த ஆசைதான் அவர்கள் உயிரோடு இருக்கும் விதம். அதை நிறைவேற்றி முடித்து வைக்கப் புறப்பட்டது பெரிய படம். முடிக்காமல் விட்ட சின்னக் கதைக்குத்தான் கிழவியைத் தெரிந்திருக்கிறது.

நோபிடாவுக்கு வயசு ஏறாது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை. அடுத்த வாரமும் முட்டை மார்க் வாங்குவான், இழுப்பறையும் அங்கேயே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சவுகரியம் இல்லை. அதனால் இந்த அத்தியாயத்தைப் பிள்ளைகளைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள். வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, வசனத்தை உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள். முக்கால் மணி நேரத்தையாவது இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். நடுவில் அவர்கள் தங்கள் கதையை ஆரம்பித்துவிடுவார்கள்.