சுவரில் தொங்கும் இறையியல்

கலைஞரின் சொற்பொழிவுக்குக் கல்லூரிக் கலைக்கூடம் செவிகொடுப்பது வழக்கம். கோவில்பட்டி கொண்டையராஜுவுக்கோ (1898–1976), சிவகாசி அச்சகங்கள் வீடுதோறும் சேர்ப்பித்த நாட்காட்டியே கலைக்கூடமாயிற்று. நாடகத் திரைச்சீலைகள் தீட்டித் தேர்ந்த அவர், தெய்வ உருவங்களைப் பார்ப்போரின் முகத்தை நேராக நோக்கும்படி நிறுத்தினார். ஆகவே படம் பக்தனோடு உறவாடியது.

நம் கிறிஸ்தவ நாட்காட்டிகள் பலவற்றில் நாம் காண்பதோ, 1940-இல் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் தீட்டிய இயேசுவின் முகம். அது நம்மை நோக்காது, அப்பால் நோக்குகிறது. பக்தியை அது வளர்த்ததை மறுக்கோம். ஆயினும், பட்டாசு ஆலையின் மருந்து அறையில் உயிரைப் பணயம் வைத்து உழைப்பவனை நோக்காத முகம், மனுவுருவாதலை எங்ஙனம் முழுமையாய் அறிவிக்கும்? போதகர்கள் பிரசங்கம் ஆயத்தம் செய்யுமுன், சபையாரின் வீட்டுச் சுவரையும் வாசிப்பார்களாக.