நிலக்கிளியும் சுந்தரலிங்கம் மாஸ்டரும்

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரி பிரசுரமாக வெளிவந்தது. வன்னி நாவல் என்றதும் முதலில் வாயில் வருகிற பெயர் அதுதான். பதஞ்சலியைப் பற்றியும் கதிராமனைப் பற்றியும் நிறையப் பேசுவோம். சுந்தரலிங்கம் மாஸ்டரின் கதை வந்தால் மட்டும் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்: துரோகி. அந்த அவசரத்தில் எனக்கு உடன்பாடில்லை.

தண்ணிமுறிப்பு காட்டோரக் கிராமம். அங்கே படிப்பிக்க வந்தவர் அந்த இளம் தம்பதியருக்கு நண்பராகிறார். பதஞ்சலிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு, புருஷன் இல்லாத ஓர் இரவில், அந்த வீட்டின் நம்பிக்கையை உடைக்கிறார். பாலமனோகரன் அவரை நம்பியார் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு வரவைக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து புத்தகம் பிரித்த அதே மனுஷன்தான் இதையும் செய்கிறார். நன்மையும் தவறும் ஒரே வாசலால் வருவதுதான் வாசிக்கிறவரை வதைக்கிறது.

இந்த நாவலை நான் இரண்டாம் முறை வாசித்தது புத்தளத்தில், அகதிக் கொட்டிலில். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து எங்களை வெளியேற்றினார்கள். நாவலாசிரியரின் ஊர் தண்ணீரூற்று, எங்கட நீராவிப்பிட்டிக்குப் பக்கம்தான். ஆயுதத்தோடு வந்து போகச் சொன்னவர்களை வெறுக்க எனக்குக் கஷ்டமிருக்கவில்லை. நோன்புக் கஞ்சி கொடுத்து, பொங்கல் வாங்கிப் பழகி, அன்றைக்கு வேலிக்கரையில் வாய்திறக்காமல் நின்றார்களே அயலவர்கள், அவர்களைத்தான் எந்தக் கணக்கில் வைப்பதென்று விளங்கவில்லை. ஒரு பொழுதில் தளர்ந்துபோன நல்ல மனுஷரை என்ன செய்வது? அந்தக் கேள்வியோடு வாசித்தபோது சுந்தரலிங்கத்தின் மேல் மனம் இரங்கியது. (வாய் திறந்திருந்தால் அவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். மாஸ்டருக்கு அப்படி ஒரு பயமுமில்லை.)

இரங்குவது வேறு, விடுவிப்பது வேறு. கொட்டிலில் இந்தக் கதையைச் சொல்லக் கேட்ட வயதான உம்மா ஒருவர், "அவருக்குப் பாவம் பாருங்க மகன், ஆனா அந்தப் புள்ளைக்குரிய இரக்கத்தில இருந்து எடுத்துக் குடுக்காதீங்க" என்றார். விமர்சகர் பலர் தவறவிட்ட இடம் அது. அல்லாஹ்விடம் தவ்பா செய்யலாம். அடியானின் ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்கவேண்டும் என்று மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதனால்தான் நாவலின் தலைப்போடு எனக்கு ஒரு பிணக்கு. நிலக்கிளி உயரப் பறக்காது, இலேசாகப் பிடிபட்டுவிடும். பதஞ்சலியின் வெள்ளை மனதுக்கு அழகான பெயர்தான். ஆனால் பிடிபடுவதைப் பறவையின் குணமாகச் சொன்னால், பிடித்த கை கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. தலைப்பு மாஸ்டருக்கு ஒரு சாக்கைக் கொடுத்துவிடுகிறது. நான் இரங்குகிற சுந்தரலிங்கத்துக்கு அந்தச் சாக்கு வேண்டாம். கையை எடுத்திருக்கலாம் என்று தெரிந்தவராகவே அவர் இருக்கட்டும்.