திரையில் ஐந்து வோல்ட், கம்பியில் எவ்வளவு?

எலக்ட்ரானிக்ஸ் லேபில் சி.ஆர்.ஓ.வுக்குக் கிடைக்கிற மரியாதை ஃபங்ஷன் ஜெனரேட்டருக்குக் கிடைப்பதில்லை. 'எஃப்.ஜி.' என்று சுருக்கிக் கூப்பிட்டு, ஸ்விட்சைத் தட்டினால் அலை வரும் பெட்டி என்ற அளவிலேயே அதைப் பலரும் வைத்திருக்கிறார்கள். ரீடிங் தப்பாக வந்தால் முதலில் டிரான்சிஸ்டரை மாற்றுவார்கள், பிறகு ப்ரெட்போர்டைத் திட்டுவார்கள். எஃப்.ஜி. மீது சந்தேகம் வருவது கடைசியில்தான்.

சிக்லென்ட் நிறுவனத்தின் எஸ்.டி.ஜி.1032எக்ஸ் என்ற மாடலை, கல்லூரி லேபில் வழக்கமாகச் செய்கிற பரிசோதனைகளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு சேனல், 30 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 15 கோடி மாதிரிகள், 14 பிட், 4.3 அங்குலத் திரை. சுமாரான லேப்டாப் ஒன்றின் விலை இருக்கும்.

பழைய அனலாக் பெட்டியில் பழகிய கைக்கு முதலில் தெரிகிற வித்தியாசம் எண் விசைப்பலகை. பழையதில் ரேஞ்ச் பட்டனை அழுத்தி, டயலைத் திருகி, சூடேறச் சூடேற நகரும் ஃப்ரீக்வென்சியை மறுபடி பிடித்து இழுக்க வேண்டும். அதன் உள்ளே முதலில் பிறப்பது முக்கோண அலை. அதன் முனைகளை மழுக்கித்தான் சைன் அலை ஆக்குவார்கள். உற்றுப் பார்த்தால் உச்சியில் அந்தக் கூர்மையின் மிச்சம் தெரியும். புதியதில் டி.டி.எஸ். முறை. சைன் அலையின் மதிப்புகள் அட்டவணையாக நினைவகத்தில் இருக்கின்றன. ஒரு கடிகாரத் துடிப்புக்கு எத்தனை படி தாண்டுவது என்பதுதான் ஃப்ரீக்வென்சி. 30 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு ஐந்தே புள்ளிகள்தான் கிடைக்கும். அந்த ஐந்திலிருந்து வழுவழுப்பான சைனை எடுப்பது வெளியீட்டில் இருக்கும் ஃபில்டரின் வேலை.

பிசி107 வைத்துக் கட்டிய காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயருக்கு 20 மில்லிவோல்ட் வேண்டும். அனலாக் பெட்டியில் இதற்கு −20 டி.பி. பட்டனை அழுத்தி, பொட்டை மூச்சுப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. இங்கே 20 என்று அடித்து யூனிட்டைத் தொட்டால் முடிந்தது. அலை வரவில்லை என்றால் முதலில் சேனலின் அவுட்புட் பட்டன் எரிகிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் திரையில் அலை அழகாகத் தெரியும், கம்பியில் ஒன்றும் இருக்காது. "சார், வேவ்ஃபார்ம் வரல" என்கிற குரல்களில் பாதி இதனால் வருபவை.

அடுத்த விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். 5 வோல்ட் பீக்-டு-பீக் என்று அடிக்கிறோம். திரையும் 5 என்கிறது. வெளியீட்டில் 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டிவிட்டு சி.ஆர்.ஓ.வில் பார்த்தால் 2.5 வோல்ட்தான். 100 ஓம் என்றால் 3.33. எட்டு ஓம் ஸ்பீக்கரை நேரடியாக மாட்டினால் 0.7 வோல்ட்கூடத் தேறாது. திரையில் மட்டும் 5 அப்படியே நிற்கும். கருவியில் பழுது எதுவும் இல்லை. பி.என்.சி. வாயிலுக்கு உட்புறம் 50 ஓம் தொடராக உட்கார்ந்திருக்கிறது. வெளியே இருக்கும் லோடு அதனுடன் வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கிறது. கருவி அதை அளப்பதில்லை. வெளியே என்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டுத் திரையில் எழுதுகிறது, அவ்வளவுதான்.

இந்த மாடலை வாங்கி ஆன் செய்தால் ஹை-இசட் என்ற நிலையில், அதாவது வெளியே மிகப் பெரிய ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்ற அனுமானத்தில் தொடங்கும். ஏஜிலென்ட் 33220ஏ போன்ற கருவிகள் 50 ஓம் என்ற அனுமானத்தில் தொடங்குபவை. ஆகவே ஒரே மேசையில் இரண்டும் இருந்தால், இரண்டிலும் 5 என்று அடித்து நேராக சி.ஆர்.ஓ.வில் கொடுத்தால், ஒன்று 5 காட்டும், மற்றது 10 காட்டும். இந்த இரட்டிப்பைப் பார்த்துவிட்டு ப்ரோபில் பத்து மடங்கு ஒரு மடங்கு என்று ஸ்விட்சைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எஸ்.டி.ஜி.யில் அவுட்புட் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் ஹை-இசட், 50 ஓம் என்று மாறும். வசதிதான். ஆனால் கூட்டமான லேபில் யாராவது தெரியாமல் அழுத்திப் பிடித்துவிடவும் வாய்ப்பு உண்டு. பரிசோதனை தொடங்கும் முன் திரையில் 'லோடு' என்ற வரியைப் படிப்பதை அப்சர்வேஷன் நோட்டில் முதல் படியாகவே எழுதச் சொல்லலாம்.

டிஜிட்டல் சர்க்யூட்டுக்கு கிளாக் கொடுப்பவர்கள் சதுர அலை, 5 வோல்ட் என்று அடித்துவிட்டு நேரே ஐ.சி.யின் காலில் மாட்டிவிடுகிறார்கள். அது +2.5க்கும் −2.5க்கும் இடையே ஆடும் அலை. உள்ளீட்டுக்கு நெகட்டிவ் போவது எந்த லாஜிக் ஐ.சி.க்கும் நல்லதல்ல. ஆஃப்செட் 2.5 என்று சேர்த்துக் கொடுக்கலாம். அதைவிடச் சுலபம், ஆம்ப்ளிட்யூட் என்ற பட்டனை மறுபடி அழுத்தி 'ஹை லெவல்' ஆக்கி 5 என்றும், ஆஃப்செட்டை 'லோ லெவல்' ஆக்கி 0 என்றும் எழுதுவது. மனதில் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. 3.3 வோல்ட் போர்டு என்றால் இது இன்னும் முக்கியம்.

கிரவுண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். மேசைமேல் வைக்கும் பெரும்பாலான எஃப்.ஜி.க்களில் பி.என்.சி.யின் வெளிக்கூடு சுவர் ப்ளக்கின் எர்த்துடன் சேர்ந்திருக்கும். சி.ஆர்.ஓ.வும் அப்படித்தான். ஆர்.சி. சர்க்யூட்டில் ரெசிஸ்டர் மேலே, கெப்பாசிட்டர் கீழே. ரெசிஸ்டரின் குறுக்கே வோல்டேஜ் பார்க்கலாமே என்று சி.ஆர்.ஓ.வின் கறுப்பு கிளிப்பை நடுப்புள்ளியில் மாட்டினால், எர்த் வழியாகக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகிவிடும். ஃபில்டர் என்று ஒன்று அங்கே இருக்காது. இரண்டு ப்ரோப்களையும் இரண்டு முனைகளில் வைத்து, சி.ஆர்.ஓ.வின் மேத் மெனுவில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதே வழி. எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு அளக்கும் பழக்கத்தை மட்டும் யாருக்கும் கற்றுக்கொடுக்காதீர்கள்.

மலிவு விலைக் கருவிகளிலிருந்து இது எங்கே பிரிகிறது என்று கேட்டால், சதுர அலையின் விளிம்பில். 1 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் ஒரு சுற்றுக்குச் சரியாக 150 மாதிரிகள், பிரச்சினை இல்லை. 1.1 வைத்தால் 136.36 வரும், அந்தப் பின்னம் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? சாதாரண டி.டி.எஸ்.ஸில் விளிம்பு ஒரு மாதிரியின் அகலம் முன்னும் பின்னும் துள்ளும். ஆன்லைனில் கிடைக்கும், பெயர் சொல்ல வேண்டாத ஒரு சின்னப் பெட்டியில், பெர்சிஸ்டன்ஸ் போட்டுப் பார்த்தபோது இரண்டாவது விளிம்பு தடித்த பட்டையாகத் தெரிந்தது. எஸ்.டி.ஜி.யில் அதற்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது. ஜிட்டர் 300 பிக்கோசெகண்ட் அளவு என்பது நிறுவனக் கணக்கு. நான் வைத்திருந்த சி.ஆர்.ஓ.வில் அது ஒரு கோடாக நின்றது, அதற்கு மேல் அளக்க அந்த சி.ஆர்.ஓ.வுக்குத் திறன் இல்லை. ஆனால் பி.என்.சி.யிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து கிடக்கும் க்ரோக்கடைல் கிளிப் வயரைப் போட்டால் இந்தப் பெருமை எல்லாம் போய், விளிம்புக்குப் பின்னால் நடுக்கம் வந்துவிடும்.

ஸ்வீப் வசதியில் எனக்கு இரண்டு மனம். 10 கிலோ ஓம், 0.01 மைக்ரோஃபாரட் ஃபில்டருக்கு 100 ஹெர்ட்ஸிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் வரை லாக் ஸ்வீப் கொடுத்தால், 1.59 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அலை சரியும் உருவம் ஒரே திரையில் வந்துவிடுகிறது. வேலை செய்பவருக்கு வரம். முதல் முறை செய்யும் மாணவர் செமி-லாக் தாளில் புள்ளி புள்ளியாக வைத்து, 0.707 எங்கே விழுகிறது என்று தானே கண்டுபிடித்த பிறகு இதைக் காட்டுவதே முறை என்று நினைக்கிறேன். அவசரமில்லை, அந்தப் பட்டன் எங்கேயும் போகாது.

உள்ளேயே இருக்கும் 196 அலை வடிவங்களில் பெரும்பாலானவற்றை யாரும் தொடப்போவதில்லை. இதயத் துடிப்பு அலை மட்டும் விதிவிலக்கு. ஈ.சி.ஜி. ஆம்ப்ளிஃபயர் ப்ராஜெக்ட் செய்பவர்கள் தங்கள் உடம்பில் எலக்ட்ரோடு ஒட்டுவதற்கு முன் இதில் சோதித்துக்கொள்ளலாம். கருவியால் ஒரு மில்லிவோல்ட் வரை இறங்க முடியாது. 1 வோல்ட் வைத்து, 100 கிலோ ஓம், 100 ஓம் கொண்ட டிவைடர் கட்டி எடுத்தால் ஆயிரத்தில் ஒன்று கிடைக்கும்.

முக்கோண அலை 500 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, '30 மெகாஹெர்ட்ஸ்' என்ற அட்டைப்பெட்டி எழுத்தை நம்பி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சைனும் சதுரமும்தான் அந்த எல்லை வரை போகும். ஆடியோ, ஆப்-ஆம்ப், மைக்ரோகண்ட்ரோலர் வேலைகளுக்கு இது தாராளம். ஒரே ஒரு எல்.இ.டி.யை மினுக்க வேண்டும் என்பவருக்கு 555 டைமரே போதும். வாங்குகிறவர்கள் பட்ஜெட்டில் இரண்டு நல்ல பி.என்.சி. கேபிளுக்கும் ஒரு 50 ஓம் டெர்மினேட்டருக்கும் இடம் ஒதுக்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் தேடலாம். கேபிளை வாங்கும்போது இரண்டு முனை கனெக்டரையும் லேசாக ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.